மூலக்கூறைத் திரையில் சுழற்றிப் பாடம் எடுப்பது எப்படி? உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குடியாத்தம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். டி.என்.ஏ. பாடத்தைப் பல வருடம் கரும்பலகையில்தான் நடத்தினேன். இரண்டு கலர் சாக்பீஸ், முறுக்கிய ஏணி, நடுவில் படிகள். பிள்ளைகளும் அப்படியே வரைந்து முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். ஒருநாள் பத்தாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "மிஸ், அந்த ஏணிக்கு நடுவுல காலியாவா கீது?"

பதில் எனக்குத் தெரியும். காட்டத்தான் வழியில்லை. ஏணிப் படத்தில் படிகளுக்கு இடையே வெற்றிடம் தெரிகிறது. உண்மையில் அங்கே காரங்கள் (படிகளாக நாம் வரைவது இவற்றைத்தான்) நாணயம் அடுக்கியதுபோல ஒன்றின்மேல் ஒன்று நெருங்கிக் கிடக்கின்றன. மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் காட்டும் மென்பொருளைத் தேடிப் போனது அந்தக் கேள்வியால்தான்.

முதல் வருடம் நான் செய்த தப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புரொஜெக்டரில் ஐந்தாறு மூலக்கூறுகளைச் சுழற்றிக் காட்டினேன். வகுப்பே வாயைப் பிளந்து பார்த்தது. மறுநாள் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "கலர் கலரா ரிப்பன் சுத்துச்சு மிஸ்." அவ்வளவுதான் மிச்சம். அன்றிலிருந்து ஒரு பாடவேளைக்கு ஒரு மூலக்கூறு, ஒரு மூலக்கூறுக்கு ஒரு கேள்வி என்று வைத்துக்கொண்டேன். கீழே வரும் எல்லாமே அந்த முறையில்தான்.

எந்த மென்பொருள்?

மூலக்கூறுகளின் அணு அமைப்புகள் புரதத் தரவு வங்கி என்ற பொதுக் களஞ்சியத்தில் இருக்கின்றன. பி.டி.பி. என்பார்கள். 1971-இல் 7 அமைப்புகளோடு தொடங்கியது, இன்று 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. காசு கிடையாது, பதிவு செய்யவும் வேண்டாம். ஒவ்வோர் அமைப்புக்கும் நான்கு எழுத்தில் ஒரு அடையாளம் உண்டு. முதலில் ஓர் எண், பிறகு ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து மூன்று. நமக்கு வேண்டியவை ஐந்தே ஐந்து.

இணையம் ஒழுங்காக வரும் பள்ளி என்றால் மோல்ஸ்டார் போதும். அதை நிறுவவே வேண்டாம். பி.டி.பி. தளத்தில் அடையாளத்தைத் தட்டி, முப்பரிமாணப் பார்வையைத் திறந்தால் பிரவுசரிலேயே ஓடும். ஆசிரியரின் கைப்பேசியிலும் ஓடும், விரலால் சுழற்றலாம்.

இணையம் வருவதும் போவதுமாக இருந்தால் ஜேமோல். இதற்குக் கணினியில் ஜாவா இருக்க வேண்டும். ஒருமுறை இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொண்டால் இணையமே தேவையில்லை. வீட்டிலிருந்தே மூலக்கூறுக் கோப்புகளையும் பி.டி.பி. ஃபார்மேட்டில் இறக்கி அதே பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். பைமோல், கைமெரா எக்ஸ் இரண்டும் ஆராய்ச்சியாளர்களுக்கு அருமையான கருவிகள். பள்ளிக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து. கற்றுக்கொள்ளவே ஒரு மாதம் போய்விடும்.

உங்கள் பள்ளியில் ஹைடெக் லேப் இருந்தால் ஆய்வகப் பொறுப்பாளரிடம் முந்தின வாரமே பேசி, ஜேமோல் எல்லாக் கணினியிலும் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பாடவேளை தொடங்கிய பிறகு ஜாவா இல்லை என்று தெரிந்தால் அன்றைய வகுப்பு போச்சு. எனக்குப் போயிருக்கிறது.

வகுப்புக்கு முந்தின நாள்

வீட்டில் உட்கார்ந்து, நாளை பிள்ளைகள் செய்யப்போகும் எல்லாவற்றையும் நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். மவுஸின் இடது பொத்தானை அழுத்தி இழுத்தால் மூலக்கூறு சுழலும். உருளையைத் திருப்பினால் பெரிதாகும், சிறிதாகும். ஜேமோலில் திரைமேல் வலது கிளிக் செய்தால் பட்டியல் விரியும். அதில் 'செலக்ட்', 'ஸ்டைல்', 'கலர்' மூன்றும்தான் நமக்கு.

ஜேமோல் கறுப்புப் பின்னணியோடு திறக்கும். நம் ஊர் வெயிலுக்கு ஜன்னலை அடைத்தாலும் வகுப்பறை இருட்டாகாது, கறுப்புத் திரையில் ஒன்றும் தெரியாது. 'கலர்' பட்டியலில் பின்னணியை வெள்ளையாக்கிவிடுங்கள். சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத பையன் வகுப்புக்கு ஒருவனாவது இருக்க வாய்ப்புண்டு. இரண்டு இழைகளைப் பிரித்துக் காட்ட நீலமும் ஆரஞ்சும் எடுங்கள்.

பத்தாம் வகுப்பு: டி.என்.ஏ.

அடையாளம் 1-பி-என்-ஏ. 1981-இல் வெளியானது. 12 கார இணைகள் கொண்ட சின்னத் துண்டு, சரியாக ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் அதிகம். அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். பிள்ளைகள் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முதல் ஐந்து நிமிடம் திரையை அணைத்தே வையுங்கள். நோட்டில் டி.என்.ஏ. வரையச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பெண் கேட்ட கேள்வியை வகுப்பிடம் கேளுங்கள்: நடுவில் காலியா, நிரம்பியதா? கை தூக்கச் சொல்லி, காலி என்றவர் எத்தனை பேர், நிரம்பியது என்றவர் எத்தனை பேர் என்று கரும்பலகையில் எழுதுங்கள். ஒரு பக்கம் சேர்ந்துவிட்ட பிள்ளை திரையைப் பார்க்கும் விதமே வேறு.

இப்போது கோப்பைத் திறங்கள். ஜேமோல் முதலில் குச்சியும் உருண்டையுமாகக் காட்டும். அதில் நிறைய இடைவெளி தெரியும். காலி என்றவர்கள் குதிப்பார்கள், விடுங்கள். பிறகு 'ஸ்டைல்', அதில் 'ஸ்கீம்', அதில் 'ஸ்பேஸ்ஃபில்'. அணுக்கள் தங்கள் உண்மையான பருமன் அளவுக்கு ஊதிக்கொள்ளும். இடைவெளி மறைந்துவிடும். துண்டை நிமிர்த்தி, மேலிருந்து கீழாக அச்சுவழியே பார்க்கச் சொல்லுங்கள். நடுவே ஓட்டை இல்லை. எங்கள் வகுப்பில் அந்த நொடியில் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு படமும் ஒரே மூலக்கூறுதான் என்று சொல்லுங்கள். குச்சிப் படம் எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று காட்டுகிறது, உருண்டைப் படம் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று காட்டுகிறது. நிறங்கள் நாம் கொடுத்தவை. நைட்ரஜன் நீலம், ஆக்சிஜன் சிவப்பு, பாஸ்பரஸ் ஆரஞ்சு என்பது வழக்கம். அணுவுக்கு நிறம் கிடையாது.

அடுத்த கேள்வி கட்டாயம் வரும்: "மிஸ், சுத்தி அந்தச் செவப்புப் புள்ளிங்க இன்னா?" அழுக்கு என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அவை தண்ணீர். டி.என்.ஏ.வைப் படிகமாக்கி எக்ஸ் கதிர் பாய்ச்சித்தான் இந்த அமைப்பைக் கண்டார்கள்; அந்தப் படிகத்துக்குள் டி.என்.ஏ.வை ஒட்டி நின்ற நீர் மூலக்கூறுகளின் ஆக்சிஜன். அப்படியானால் ஹைட்ரஜன் எங்கே? எக்ஸ் கதிரைச் சிதறடிப்பது எலக்ட்ரான்கள். ஹைட்ரஜனிடம் இருப்பதோ ஒன்று. அதனால் பெரும்பாலான எக்ஸ் கதிர் அமைப்புகளில் அது தெரியாது. இதை இங்கே சொல்லாமல் விட்டால் பின்னால் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் அடுத்துப் பார்க்கப்போவது ஹைட்ரஜன் பிணைப்பு. சொல்லி முடித்ததும் 'செலக்ட்' பட்டியலில் நீரை மட்டும் தேர்ந்து, 'ஸ்டைல்' வழியே அணுக்களை அணைத்துவிடலாம்.

மறுபடி எல்லாவற்றையும் தேர்ந்து குச்சி உருவுக்கு வந்து, 'ஸ்டைல்' பட்டியலில் ஹைட்ரஜன் பிணைப்பைக் கணக்கிடச் சொல்லுங்கள். இணைகளுக்கு நடுவே புள்ளிக்கோடுகள் வரும். அடினின், தைமின் நடுவே 2. குவானின், சைட்டோசின் நடுவே 3. புத்தகத்தில் மனப்பாடம் செய்த எண்களைப் பிள்ளைகள் தாங்களே எண்ணி எடுக்கட்டும். நீங்கள் சொல்லாதீர்கள்.

இந்தப் பாடவேளையில் எனக்கு மிகவும் பிடித்தது அளப்பது. புத்தகத்தில் ஒரு சுற்றின் நீளம் 3.4 நானோமீட்டர், அதில் 10 கார இணைகள் என்று இருக்கிறது. சரிதானா என்று பார்த்துவிடலாம். ஒரே இழையில் ஆரஞ்சு நிறப் பாஸ்பரஸ் அணுக்களை எண்ணச் சொல்லுங்கள். 12 நியூக்ளியோடைடு இருக்கிற இழையில் 11 பாஸ்பரஸ்தான் வரும். முதல் நியூக்ளியோடைடின் முனையில் பாஸ்பேட் இல்லை என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். 11 அணு என்றால் நடுவே 10 படி. பத்துப் படி என்றால் ஒரு சுற்று. முதல் பாஸ்பரஸை இரட்டைக் கிளிக் செய்து, கடைசிப் பாஸ்பரஸை இரட்டைக் கிளிக் செய்தால் தூரம் நானோமீட்டரில் வந்து நிற்கும். விடை 3.4-ஐ ஒட்டி வரும். சற்றுக் கூடலாம், குறையலாம். இந்தத் துண்டு படிகத்தில் லேசாக வளைந்திருக்கிறது, இயற்கையில் எதுவும் அடிக்குச்சி வைத்துச் செய்ததல்ல என்று சொல்லுங்கள். 11 அணுவுக்கு 11 படி என்று எண்ணுகிற பிள்ளைகள் நிறைய. வேலி கட்டுகிறவரிடம் கேட்டால் 11 கம்பத்துக்கு 10 இடைவெளி என்று உடனே சொல்லிவிடுவார்.

நேரம் இருந்தால் இன்னொன்று. வலது கைக் கட்டைவிரலை மேல்நோக்கிப் பிடித்து, மற்ற விரல்கள் மடங்கும் திசையிலேயே இழை ஏறுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஏறும், டி.என்.ஏ. வலப்புரி. பிறகு ஊரில் பார்க்கும் போஸ்டர், ஸ்கேன் சென்டர் பலகை, நோட்டு அட்டை எல்லாவற்றிலும் டி.என்.ஏ. படத்தைச் சோதித்துவரச் சொல்லுங்கள். இடப்புரியாக அச்சிட்ட படங்களைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். வேலூர் போனால் ஆஸ்பத்திரி ரோட்டில் ஒரு நடை நடந்தாலே வீட்டுப்பாடம் முடிந்துவிடும்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதே துண்டில் இன்னொரு பரிசும் இருக்கிறது. வரிசையைப் படித்தால் சி-ஜி-சி-ஜி-ஏ-ஏ-டி-டி-சி-ஜி-சி-ஜி. எதிர் இழையைப் பின்னாலிருந்து படித்தாலும் அதேதான். நடுவில் இருக்கிற ஜி-ஏ-ஏ-டி-டி-சி, ஈகோ ஆர் ஒன் என்ற நொதி வெட்டுகிற இடம். மரபுப் பொறியியல் பாடத்தில் மனப்பாடம் செய்த எழுத்துகள் கண்ணெதிரே நிற்கும்.

பிளஸ் டூ: கதிர் அரிவாள் சோகை

இதற்கு மோல்ஸ்டார்தான் வசதி. கேள்வி: ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் இருக்கும் 146 அமினோ அமிலத்தில் ஒன்றே ஒன்று மாறினால் இரத்தச் சிவப்பணுவே ஏன் வளைகிறது?

முதலில் இயல்பான ஹீமோகுளோபின், 4-எச்-எச்-பி. மேலே வரிசைப் பட்டை இருக்கும். அதில் பீட்டா சங்கிலியைத் தேர்ந்து ஆறாவது எழுத்தைத் தட்டினால் படம் நெருங்கி வந்து அந்த அமினோ அமிலத்தைக் காட்டும். குளுட்டாமிக் அமிலம். எங்கே இருக்கிறது, உள்ளேயா வெளியேயா என்று கேளுங்கள். வெளிப்பரப்பில், தண்ணீரைப் பார்த்தபடி இருக்கிறது. எதிர்மின் சுமை உள்ளது, தண்ணீரோடு ஒத்துப்போகும்.

இனி 2-எச்-பி-எஸ். நோயுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜன் இல்லாத நிலையில். இந்தக் கோப்பில் இரண்டு ஹீமோகுளோபின் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், மொத்தம் எட்டுச் சங்கிலி. ஆறாவது இடத்தில் இப்போது வேலின். எண்ணெய்ப் பசையுள்ளது, தண்ணீருக்கு ஆகாது. நான்கு பீட்டா சங்கிலிகளிலும் ஆறாவது வேலினைத் தட்டிப் பார்த்து, எது பக்கத்து ஹீமோகுளோபினைத் தொடுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பிள்ளைகளின் வேலை. தொடுகிற இடத்தில் 85-ஆவது பினைல்அலனினும் 88-ஆவது லியூசினும் சேர்ந்து ஒரு குழி அமைத்திருக்கும். மூன்றும் எண்ணெய்ச் சாதி. ரசத்தின் மேல் மிதக்கிற இரண்டு எண்ணெய்த் துளி ஒன்றாவதுபோல இங்கே வேலின் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒன்றோடொன்று இப்படிக் கோத்துக்கொண்டே போனால் நீண்ட இழை. இழை சிவப்பணுவை உள்ளிருந்து தள்ளி வளைக்கிறது.

சில படங்களில் இந்த இடத்தை 7 என்று போட்டிருப்பார்கள். முதலில் வந்து பிறகு வெட்டப்படும் மெத்தியோனினையும் சேர்த்து எண்ணிய கணக்கு அது. குழம்ப வேண்டாம்.

இந்தக் குறைபாடு 1952-இலேயே நீலகிரிப் பழங்குடி மக்களிடம் கண்டறியப்பட்டது. அதைச் சொல்லுங்கள். ஆனால் வகுப்பில் யாருக்காவது வீட்டில் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். பிள்ளையின் நோய் வகுப்புக்கான உதாரணம் அல்ல.

நம் ஊர் மூலக்கூறு: கொலாஜன்

2019-இல் பிரிவதற்கு முன் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் ஒரே மாவட்டம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் டேனரி, ஷூ கம்பெனி. என் வகுப்பில் பாதிப் பேருக்கு வீட்டில் யாராவது தோல் வேலைக்குப் போகிறவர்கள். தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன். அந்தப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டாமல் வேறு எதைக் காட்டுவது?

அடையாளம் 1-சி-ஏ-ஜி. இதற்கு மறுபடி ஜேமோல். திறப்பதற்கு முன் மூன்று துண்டுக் கயிறு கொடுங்கள். மூன்றையும் சேர்த்து ஒன்றாக்கச் சொன்னால் பெண் பிள்ளைகள் உடனே சடை பின்னுவார்கள். பின்னட்டும். பிறகு திரையைப் பாருங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை, 'கார்ட்டூன்' உருவத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கொலாஜனில் அது மெலிந்த கோடாக மட்டுமே வரும். 'ஸ்பேஸ்ஃபில்' போட்டு, நிறத்தைச் சங்கிலிவாரியாக மாற்றுங்கள். மூன்று நிறம் சேர்ந்து முறுக்கிக்கொண்டு போகும். சடை இல்லை, முப்புரிக் கயிறு. அதிலும் கயிறு திரிக்கிறவர் செய்யும் அதே தந்திரம்: தனித்தனிப் புரி ஒவ்வொன்றும் இடப்பக்கம் முறுக்கியிருக்கும், மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் முறுக்கும். எதிரெதிர் முறுக்கு என்பதால் இழுத்தால் பிரியாது. கயிற்றை வைத்துப் பிள்ளைகள் செய்து பார்க்கட்டும். ஒரே திசையில் இரண்டு முறுக்கும் போட்டவர்களின் கயிறு கையை விட்டதும் அவிழ்ந்துவிடும்.

அடுத்து, 'செலக்ட்' பட்டியலில் புரதம், அதில் அமினோ அமிலப் பெயர்வாரியாகக் கிளைசினைத் தேர்ந்து அதற்கு மட்டும் ஒரு பளிச் நிறம் கொடுங்கள். நீளவாட்டில் பார்த்தால் மூன்றுக்கு ஒன்று கிளைசின். நுனியிலிருந்து அச்சுவழியே பார்த்தால் கிளைசின் எல்லாம் நடுவில். அந்த நெரிசலில் நுழையக்கூடியது அது ஒன்றுதான், அதன் பக்கக் கிளை வெறும் ஒரு ஹைட்ரஜன். இந்தக் கோப்பில் ஒவ்வொரு சங்கிலியின் 15-ஆவது இடத்திலும் கிளைசினுக்குப் பதில் அலனினை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் முறுக்கு சற்றுத் தளர்ந்து, இழைகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்திருக்கும். தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கிளைசின் மாறிப் பிறக்கும் குழந்தைகளுக்கு எலும்பு எளிதில் முறிகிற நோய் வருவதை இங்கே விளக்கினால் தனியாக ஒரு பாடம் வேண்டாம்.

பிறகு வீட்டுக் கேள்விகள். ஆட்டுக்கால் பாயா ஆறினால் ஏன் கெட்டியாகிறது? கொதியில் முப்புரி அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிவிட்டது, ஆறும்போது தாறுமாறாகப் பின்னிக்கொண்டு தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. அப்படியானால் ஷூ ஏன் வெந்நீரில் கரைவதில்லை? ஒரு பையன் சொன்னான்: "எங்க அப்பா குரோம் போடுவாரு மிஸ், தோலு நீலமாயிடும்." அதேதான். குரோமியம் பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளின் அமிலக் கிளைகளைப் பிடித்து இறுக்கிவிடுகிறது. பச்சைத் தோல் ஏறக்குறைய 60, 65 டிகிரியிலேயே சுருங்கும், குரோம் தோல் 100 டிகிரி தாண்டியும் தாங்கும். அன்று அந்தப் பையன்தான் வகுப்பெடுத்தான், நான் கேட்டுக்கொண்டேன்.

வைட்டமின் சி-யையும் இங்கேயே முடித்துவிடலாம். கோப்பில் எச்-ஒய்-பி என்று வருவது ஹைட்ராக்ஸிபுரோலின். புரோலினில் அந்த ஆக்சிஜனைச் சேர்க்கும் நொதிக்கு வைட்டமின் சி வேண்டும். இல்லையென்றால் முப்புரி உறுதியாகாது, ஈறில் இரத்தம் கசியும். ஸ்கர்வி.

இந்த முப்புரியைக் கண்டுபிடித்துச் சொன்னது சென்னைப் பல்கலைக்கழகத்தில்தான். ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் வெளியிட்டார்கள். கங்காரு வால் தசைநாணின் எக்ஸ் கதிர்ப் படம், கையால் செய்த மாதிரி, தாளில் போட்ட கணக்கு. இன்று நாம் மவுஸால் சுழற்றுவதை அவர்கள் மனத்தில் சுழற்றினார்கள். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரியாமல் போவது எனக்குத் தாங்கவில்லை. புத்தகத்தில் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் சொல்லுங்கள்.

இன்சுலின், சுருக்கமாக

4-ஐ-என்-எஸ். பன்றி இன்சுலின். ஓர் இன்சுலின் மூலக்கூறில் 51 அமினோ அமிலம், இரண்டு சங்கிலி, மஞ்சள் நிறக் கந்தக அணுக்களைத் தேடினால் மூன்று டைசல்பைடு பாலம். கோப்பில் இப்படி இரண்டு மூலக்கூறு நிற்கும். மனித இன்சுலினிலிருந்து ஒரே ஓர் அமினோ அமிலம்தான் வேறு. பிரிட்டிஷ் விஞ்ஞானி டோரதி ஹாட்ஜ்கின் குழு 1969-இல் இதன் அமைப்பை முதலில் கண்டபோது அதில் நம் நாட்டு எம். விஜயனும் இருந்தார். அரை வகுப்பு போதும்.

லேபில் உட்காரவைப்பதும் மதிப்பிடுவதும்

ஒரு கணினிக்கு இருவர். ஒருவர் கையில் மவுஸ், மற்றவர் கையில் நோட்டு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் மவுஸ் எப்போதும் ஒரே கையில் இருக்கும், பெரும்பாலும் பையன் கையில். நோட்டுக்காரர் எழுத வேண்டியது மூன்று: பார்ப்பதற்கு முன் என்ன நினைத்தேன், என்ன பார்த்தேன், எண்ணியது அல்லது அளந்தது எவ்வளவு.

போர்ஷன் முடிய வேண்டுமே என்று கேட்பீர்கள். எனக்கும் அதே கவலை உண்டு. வருடத்துக்கு ஒரு வகுப்புக்கு இரண்டு, மூன்று பாடவேளைக்கு மேல் நான் இதற்குச் செலவிடுவதில்லை. அளந்து பார்த்த எண் மறப்பதில்லை என்பதால் திருப்புதலில் அந்த நேரம் திரும்பக் கிடைத்துவிடுகிறது.

தேர்வுக்கு நான் வைக்கும் கேள்வி ஒன்றைத் தருகிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். குச்சி உருவிலும் உருண்டை உருவிலும் ஒரே டி.என்.ஏ. துண்டின் இரண்டு படங்களை அச்சிட்டுக் கொடுத்து: "இரண்டில் எந்தப் படத்தை வைத்து ஹைட்ரஜன் பிணைப்பை எண்ணுவாய்? எந்தப் படத்தை வைத்து நடுவில் ஓட்டை இல்லை என்று நிரூபிப்பாய்? ஏன்?" ஐந்து மதிப்பெண். முதல் இரண்டு விடைக்கும் ஒவ்வொரு மதிப்பெண்தான். ஏன் என்பதற்கு மூன்று.